பெயர் கடைசியில் வரட்டும்: கடலில் கிடைக்கும் உயிர்களை இனம் பிரிக்கப் பழகுவது எப்படி

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற ஊரில், மீன் இறங்கும் இடத்தில் முதல் தடவை நின்றபோது, தட்டையான தலையும் நீண்ட வாலுமாகக் கிடந்த ஒன்றைக் காட்டி, "சுறா" என்றேன். கூடை தூக்கிக்கொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டு அதைக் காலால் புரட்டிப் போட்டார். "செவுள் எங்க இருக்குன்னு பாரு தம்பி. அடியில இருக்கு. இது உழுவை."

சுறாவுக்குச் செவுள் பிளவுகள் கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும். திருக்கைக்கு வயிற்றுப் பக்கம் இருக்கும். உழுவை பார்க்கச் சுறா மாதிரி இருந்தாலும் திருக்கைக் கூட்டத்து மீன். என்னிடம் இருந்த புத்தகத்தில் எல்லாப் படங்களும் மேலிருந்து எடுத்தவை. புரட்டிப் பார்க்க வேண்டும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க விரித்துச் சொல்லப் போகிறேன். கடலுயிர்களை அறிய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெயரில் தொடங்குகிறார்கள். "இது என்ன?" என்று கேட்டு, பெயர் கிடைத்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். உடம்பைப் பார்க்கப் பழகிவிட்டால் பெயர் தானாக வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை. உதாரணங்களை நான் நடந்து பழகிய பாக் நீரிணை, மன்னார் வளைகுடா கரைகளிலிருந்து எடுக்கிறேன். முறை எந்தக் கரைக்கும் பொருந்தும்.

எப்போது போவது

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். வற்றியிருக்கும் நேரம்தான் உங்களுக்கு வேண்டும். இன்று காலை 6 மணிக்கு வற்றினால் நாளை சுமார் 50 நிமிடம் தள்ளி வற்றும், இந்தக் கணக்கு போதும். மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கு உள்ளேதான். குஜராத் கரையில் கிலோமீட்டர் கணக்கில் கடல் உள்வாங்குவதைக் காணொளியில் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

இறங்குதளத்துக்குப் போவதென்றால் படகுகள் திரும்பும் நேரத்தை முதல் நாளே விசாரித்துவிடுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப் படகு மீன்தான் வரும். அதுவும் பார்க்கத் தகுந்ததே, ஆனால் வகை குறைவு.

இறங்குதளத்தில் எல்லோரும் வஞ்சிரத்தையும் இறாலையும் சுற்றி நிற்பார்கள். நீங்கள் சங்காயக் குவியலுக்குப் போங்கள். விலை போகாத பொடி மீனும், நசுங்கிய நண்டும், நட்சத்திர மீனும், பெயர் தெரியாத புழுவும் கலந்து கிடக்கும் அந்தக் குவியல் கோழித் தீவனத்துக்கும் மீன் எண்ணெய்க்கும் போகிறது. அரை மணி நேரம் அதைக் கிளறினால் ஒரு பருவம் படிக்கும் விலங்கியல் கைக்கு வரும். (இத்தனை உயிர் வீணாக அள்ளப்படுகிறதே என்ற சங்கடமும் கூடவே வரும்.) வேலை நடக்கும் இடம் என்பதால் ஓரமாக நில்லுங்கள், கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஏலம் நடக்கும்போது யாரிடமும் சந்தேகம் கேட்காதீர்கள்.

கையில் ஒரு நோட்டு, பென்சில், ஆறு அங்குல ஸ்கேல், கைப்பேசி, ஒரு வெள்ளைத் தட்டு. காலில் அடிப்பாகம் கெட்டியான செருப்பு அல்லது ஷூ. பேனா நனைந்தால் எழுத்து போய்விடும், பென்சில்தான் சரி.

இடத்தை முதலில் எழுதுங்கள்

உயிரைப் பார்ப்பதற்கு முன் அது கிடக்கும் இடத்தை எழுதுங்கள். மணலா, சேறா, பாறையா, கடற்புல்லா, பவளப் பாரா, அலையாத்திக் காடா, அல்லது நடுக்கடலிலிருந்து காற்று அடித்துக் கொண்டுவந்து போட்டதா? இந்த ஒரு வரி எழுதியதுமே சாத்தியங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

பாம்பனில் நின்று இரு பக்கமும் பார்த்தால் இது புரியும். வடக்கே பாக் நீரிணை. ஆழம் குறைவு, சேறு, அலை அடங்கிய கடல், கடற்புல் பரப்புகள். அந்தப் புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காக, மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அதே விலங்குக்காக, 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் கடல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே மன்னார் வளைகுடா. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பார்கள். 1986-இல் இவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு இன்று நீருக்குள் இருக்கின்றன. இங்கே பதிவான பவள வகைகள் மட்டும் 117.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு கடல்களில் கரையொதுங்குபவை இவ்வளவு வேறாக இருக்கின்றன. ஆகவே "ராமேஸ்வரம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "பாம்பன், வடக்குக் கரை, சேற்று மணல், முழங்கால் ஆழம்" என்று எழுதுங்கள்.

செடியா, பாசியா, விலங்கா?

எளிதான கேள்வி மாதிரிதான் தெரியும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கரையில் பச்சை நாடா மாதிரி ஒதுங்கிக் கிடப்பதை எடுத்துப் பாருங்கள். வேரும், மண்ணுக்குள் ஓடும் தண்டும், இலையில் நரம்பும் இருந்தால் அது கடற்புல். கடலுக்குள் போய்ப் பூத்துக் காய்க்கும் உண்மையான செடி. வேர் இல்லாமல் பாறையைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிப்பு மட்டும் இருந்தால் அது பாசி. பாசிகளைப் பொதுவாகப் பச்சை, சிவப்பு, பழுப்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். இந்தக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் சிவப்புப் பாசிகள். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பழுப்பு. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், வெயிலில் கிடந்த சிவப்புப் பாசி வெளுத்து மஞ்சளாகிவிடும். இன்னொரு விஷயம், பழுப்புப் பாசிகளை இன்றைய வகைப்பாட்டில் தாவரங்களோடு சேர்ப்பதே இல்லை. டயட்டம் என்ற நுண்ணிய ஒற்றைச் செல் பாசிகளுக்குத்தான் அவை நெருங்கிய சொந்தம்.

அப்புறம், அசையாமல் இருப்பதெல்லாம் செடி என்று நினைத்துவிடாதீர்கள். பவளம் விலங்கு. கல் மாதிரி இருப்பது அது கட்டிய வீடு, ஒவ்வொரு குழியிலும் ஒரு மெல்லிய உயிர் குடியிருந்தது. கடற்பஞ்சும் விலங்கு. கடற்சாமந்தி பெயரில் மட்டும்தான் பூ, மீனைப் பிடித்துத் தின்னும்.

விலங்கு என்றால், உடம்பிடம் கேளுங்கள்

நெருக்கிச் சொன்னால், கரையில் நீங்கள் பார்க்கப் போகும் விலங்குகளில் பெரும்பகுதி ஏழெட்டுப் பெரிய கூட்டங்களுக்குள் அடங்கிவிடும். பாடப்புத்தகம் இந்தக் கூட்டத்தைத் தொகுதி என்கிறது. முதல் சில மாதங்கள் தொகுதியோடு நின்றுவிடுங்கள்.

காலில் கணு இருக்கிறதா? இருந்தால் கணுக்காலி. நண்டு, இறால், சிங்கி இறால் எல்லாம் இதில் வரும். இவற்றில் யாருக்கும் சந்தேகம் வராது. ஏமாற்றுவது கொட்டலசு. படகின் அடியிலும் பாறையிலும் சின்ன எரிமலை மாதிரி ஒட்டிக்கொண்டு, கால் வைத்தால் கிழிக்குமே, அதுதான். ரொம்ப நாள் அதை ஒரு வகைச் சிப்பி என்றே எழுதிவந்தேன். அதுவும் இறாலுக்குச் சொந்தம். குஞ்சாக நீந்தித் திரிந்து, ஓர் இடம் பிடித்ததும் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் ஓடு கட்டி, மீதி ஆயுள் முழுக்கக் காலை ஆட்டி ஆட்டி இரையை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் இருக்கும் கொட்டலசை இரண்டு நிமிடம் பார்த்தால் அந்த இறகு போன்ற கால்கள் வெளியே வந்து வந்து போவது தெரியும்.

தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது நண்டையும் தும்பியையும் சேர்த்து நான்கறிவில் வைக்கிறது. இன்றைய கணக்கிலும் இரண்டும் கணுக்காலிகள்தான். எறும்பையும் கறையானையும் மட்டும் ஒரு படி கீழே விட்டுவிட்டார்கள். புலன்களை வைத்துப் பிரித்தது அது, உடலமைப்பையும் வழிவந்த உறவையும் வைத்துப் பிரிப்பது இது. எதை அளவுகோலாகப் பிடிக்கிறோமோ அதற்கேற்பத்தான் கூட்டம் அமையும்.

ஐந்து ஐந்தாக அமைந்திருக்கிறதா? அப்படியென்றால் முட்தோலி. நட்சத்திர மீனில் அது வெளிப்படை. முள்ளெல்லாம் உதிர்ந்த கடல் முள்ளெலியின் ஓட்டில் ஐந்து பட்டைகள் தெரியும். மணலில் கிடைக்கும் தட்டையான வட்ட ஓட்டில் ஐந்திதழ்ப் பூ வரைந்தது போல இருக்கும். வெள்ளரிக்காய் மாதிரி கிடக்கும் கடல் அட்டையும் இதே கூட்டம்தான், அதன் ஐந்து வரிசை உடம்பு நெடுக ஓடுகிறது. குளத்திலோ ஆற்றிலோ ஒரு முட்தோலியைக் கூடப் பார்க்க முடியாது. முழுக்க முழுக்கக் கடலுக்கே உரிய கூட்டம் இது.

மெத்தென்ற உடம்பு, பெரும்பாலும் அதற்கு ஓர் ஓடு என்றால் மெல்லுடலி. சங்கு, சோழி, முத்துச்சிப்பி எல்லாம் இதில் வரும். கணவாயும் இதில்தான். ஓட்டுக் கணவாயின் ஓடு உடம்புக்குள்ளே இருக்கிறது. கரையில் வெள்ளையாக, லேசாக, படகு வடிவில் ஒதுங்குவதும், கிளிக்கூண்டில் செருகி வைப்பதும் அந்த ஓடுதான். ஊசிக் கணவாயில் அது கண்ணாடித் தாள் போன்ற ஒரு மெல்லிய தகடாகச் சுருங்கிவிட்டது. பேய்க் கணவாயில் அதுவும் இல்லை. எட்டுக் கைகளோடு மனிதனை உற்றுப் பார்க்கும் அந்த உயிர் நத்தைக்கு உறவு என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. மூன்றையும் ஒரே தட்டில் வரிசையாக வைத்துக் காட்டுங்கள், நம்புவார்கள்.

சங்கு பற்றி ஓர் எச்சரிக்கை. சாதாரணமாகக் கிடைக்கும் சங்கை நாம் இடம்புரி என்போம். அறிவியல் நூல்கள் அதே சங்கை வலப்பக்கம் சுழல்வது என்று எழுதும். இரண்டையும் கலந்து குறிப்பெடுத்துவிட்டு, வலம்புரி கிடைத்துவிட்டது என்று கொண்டாடாதீர்கள்.

கொட்டும் தன்மை, வாய் ஒன்றே வழி என்றால் குழியுடலி. சொறிமுட்டை (ஜெல்லி மீன்), கடற்சாமந்தி, பவளம் மூன்றும் ஒரே தொகுதி. கவிழ்த்த சொறிமுட்டையை நிமிர்த்திப் போட்டு ஒட்டவைத்தால் கடற்சாமந்தி மாதிரி இருக்கும், நினைவில் வைக்க இது உதவும். காற்று பலமாகக் கரைப்பக்கம் அடிக்கும் நாட்களில் நீலநிறக் காற்றுப்பை ஒன்று நீண்ட இழைகளோடு ஒதுங்கும். அதன் பெயர் பைசாலியா. சொறிமுட்டை போலத் தெரிந்தாலும் அது ஓர் உயிர் இல்லை, பல சிற்றுயிர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி வாழும் கூட்டம். இறந்த பிறகும் கொட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகரில் ஒதுங்கிய நீலநிற கடல் நத்தைகளை, கிளாக்கஸ் என்பவற்றை, பலர் படம் எடுத்துப் போட்டார்கள். அந்த நத்தை பைசாலியாவைத் தின்று அதன் கொட்டும் அணுக்களைத் தன் உடம்பில் சேமித்து வைத்துக்கொள்கிறது. அழகாக இருக்கிறதென்று உள்ளங்கையில் ஏந்தினால் தெரியும்.

உடம்பெல்லாம் துளை, வாயே கிடையாது என்றால் துளையுடலி, அதாவது கடற்பஞ்சு. வளையம் வளையமாக நீண்டிருந்தால் வளைதசைப் புழு. மணலில் நட்ட குழாய்களில் தேடுங்கள்.

முதுகெலும்பு இருந்தால்

முதலில் வாலைப் பாருங்கள். மீனின் வால் நெட்டாக நிற்கும், பக்கவாட்டில் ஆடும். திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்), ஆவுளியா ஆகியவற்றின் வால் கிடையாகப் படுத்திருக்கும், மேலும் கீழும் ஆடும். இவை நுரையீரலால் மூச்சு விட்டு, குட்டிக்குப் பால் கொடுப்பவை. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் தன் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில்தான் திமிங்கிலங்களை மீன்களிடமிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். ஆவுளியாவுக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய உறவுகளில் யானையும் ஒன்று. அம்மணி உழுவை என்று நம் மீனவர்கள் சொல்லும் மீனைச் செய்திகளில் திமிங்கிலச் சுறா என்பார்கள். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வால் நெட்டாகத்தான் நிற்கும். அது மீன்.

அடுத்து செவுள். பக்கவாட்டில் ஐந்து பிளவுகள் தனித்தனியாகத் தெரிந்தால் சுறா. அடியில் இருந்தால் திருக்கை, உழுவை, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா. ஒரே மூடிக்குள் மறைந்திருந்தால் எலும்பு மீன். நாம் சமைக்கும் மீன்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசிக் கூட்டம். நீளமாகப் பாம்பு மாதிரி இருப்பதற்குத் துடுப்பும் செவுளும் இருந்தால் விலாங்கு. துடுப்பில்லாமல், செதிலோடு, வால் நுனி துடுப்புக் கட்டை மாதிரி தட்டையாக இருந்தால் கடல் பாம்பு. கொடிய விஷம், செத்தது போலக் கிடந்தாலும் தொட வேண்டாம்.

ஒரு மீனை ஏணியில் ஏற்றிப் பார்ப்போம்

இப்போது பெயருக்கு வரலாம். கானாங்கெளுத்தியை எடுத்துக்கொள்வோம். பெயரில் கெளுத்தி இருக்கிறது, ஆனால் கெளுத்தி இல்லை. கெளுத்திக்கு மீசை உண்டு, செதில் கிடையாது. இதற்குச் செதில் உண்டு, மீசை கிடையாது. கன்னியாகுமரிப் பக்கம் போனால் இதே மீன் அயிலை. சீலா என்று கேட்டால் ஓர் ஊரில் வஞ்சிரத்தைக் காட்டுவார்கள், இன்னோர் ஊரில் ஊளியைக் காட்டுவார்கள். உள்ளூர்ப் பெயர் தவறு என்று நான் சொல்லவில்லை. மீனவர்கள் அதை வைத்துத்தான் வலை வீசுகிறார்கள், விலை பேசுகிறார்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம், அவ்வளவுதான்.

கானாங்கெளுத்தியின் ஏணி: விலங்கு உலகம், முதுகுநாணிகள் தொகுதி, கதிர்த்துடுப்பு மீன்கள் வகுப்பு, ஸ்கொம்ப்ரிஃபார்மிஸ் வரிசை, ஸ்கொம்ப்ரிடே குடும்பம், ரஸ்ட்ரெல்லிகர் பேரினம், கனகுர்த்தா சிற்றினம். கடைசி இரண்டும் சேர்ந்ததுதான் உலகம் முழுக்கச் செல்லும் பெயர். இலங்கைப் பாடநூல்களில் வரிசையை வருணம் என்றும் பேரினத்தைச் சாதி என்றும் எழுதுவார்கள், குழம்ப வேண்டாம்.

எல்லாப் படிகளையும் மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. களத்தில் உதவுவது குடும்பம் என்ற படிதான். கானாங்கெளுத்தியின் முதுகிலும் அடியிலும், வாலுக்குச் சற்று முன்னால், குட்டிக் குட்டித் துடுப்புகள் வரிசையாக இருக்கும். வஞ்சிரத்திலும் சூரையிலும் அதே வரிசையைப் பார்க்கலாம். மூன்றும் ஒரே குடும்பம். இதைக் கண்டுபிடித்த நாளில் சந்தையே வேறு மாதிரி தெரியும்.

அந்தக் கனகுர்த்தாவை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். லத்தீன் மாதிரியா இருக்கிறது? தெலுங்கு. விசாகப்பட்டினத்தில் மீன்களைச் சேகரித்த பாட்ரிக் ரஸ்ஸல் 1803-இல் வெளியிட்ட நூலில் மீனவர் சொன்ன பெயரை அப்படியே எழுதினார். பிறகு பிரான்சில் விலங்கியலாளர் குவியே அதையே அறிவியல் பெயராக எடுத்துக்கொண்டார். பெயருக்குப் பின்னால் ஆளின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் முதலில் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள் என்று பொருள். இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் பழைய புத்தகத்தில் உள்ள பெயரை வோர்ம்ஸ் என்ற உலகக் கடலுயிர்ப் பதிவேட்டின் இணையதளத்தில் தட்டி, இன்றைக்கு எது செல்லும் என்று பார்த்துவிடுங்கள். ஏற்கப்பட்ட கடல்வாழ் சிற்றினங்கள் ஏறத்தாழ 2.5 லட்சம் அதில் உண்டு. மீனுக்கு மட்டும் என்றால் ஃபிஷ்பேஸ் இன்னும் விரிவு.

படம் எடுக்கும் முறை

மீனைத் தலை இடப்பக்கம் இருக்கும்படி வைத்து, ஸ்கேலைப் பக்கத்தில் போட்டு, நேர் மேலிருந்து ஒரு படம். பிறகு புரட்டி ஒன்று. வாய், செவுள், வால் தனித்தனியாக. நண்டென்றால் முதுகும் வயிறும்: வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். சங்கென்றால் வாய்ப்பக்கம் கட்டாயம்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் கணினி ஒரு பெயர் சொல்லும், பிறகு ஆட்கள் வந்து திருத்துவார்கள். கணினி சொல்வதை உடனே ஏற்காதீர்கள். தொகுதியோ குடும்பமோ எதுவரை உங்களுக்கு உறுதியோ அதுவரை மட்டும் குறியுங்கள். 1947-இல் தொடங்கி, 1971-இல் தலைமையகம் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இன்றும் மண்டபத்தில் இயங்குகிறது. வாய்ப்புக் கிடைத்தால் அங்குள்ள அருங்காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

கை வைக்கக் கூடாதவை

கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், அம்மணி உழுவை, கடலாமை, ஆவுளியா எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. செத்துக் காய்ந்த பவளத் துண்டு என்றாலும் பையில் போடாதீர்கள். தேசியப் பூங்காத் தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. கல்லைப் புரட்டினால் திரும்ப அதே மாதிரி வைத்துவிடுங்கள், அதன் அடியில் குடியிருப்பவை வெயிலில் செத்துப்போகும்.

கூம்பு வடிவில், கோலம் போட்டது போன்ற சங்கு உயிரோடு கிடைத்தால் தொடாதீர்கள். அதன் விஷ ஊசி ஆளைக் கொல்லக்கூடியது. திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், ஆகவே தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். சொறிமுட்டை பட்டால் மணல் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் கொட்டாத மிச்ச அணுக்களையும் கிளப்பிவிடும். கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை வெறுங்கை படாமல் எடுத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். திமிங்கிலமோ ஓங்கிலோ உயிரோடு ஒதுங்கினால் நாமாகத் தள்ளிவிடப் பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடலுக்குள் இழுத்துவிட்டவற்றில் பல மறுபடி கரைக்கே வந்தன.

என் நோட்டில் போன மாதம் எழுதிய ஒரு பதிவை அப்படியே தருகிறேன், இதே மாதிரி நீங்களும் தொடங்கலாம்:

இடம்: மண்டபம், தெற்குக் கரை, பாறை இடுக்கு, கணுக்கால் ஆழம். நேரம்: அமாவாசைக்கு மறுநாள் காலை, நீர் வற்றிய பொழுது. அளவு: 4 செ.மீ. உடம்பு: மெத்தென்று, ஓடு இல்லை, கணு இல்லை, முதுகில் இறகுக் கொத்து மாதிரி ஒன்று, தொட்டால் உள்ளிழுக்கிறது. தொகுதி: மெல்லுடலி. ஊர்ப் பெயர்: மூன்று பேரிடம் கேட்டேன், பெயர் இல்லை என்றார்கள். சிற்றினம்:

அந்தக் கடைசி வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.